அண்ணன் "இன்னொரு முறை" என்கிறார், மருத்துவர்கள் "போதும்" என்கிறார்கள்

#1 கிளிஞ்சல்

வணக்கம். பல வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இழை தொடங்குவது இதுவே முதல் முறை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் மகனுக்கு எட்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது, டி-செல் வகை, அதாவது டி-செல் என்ற வெள்ளணுவில் தொடங்குவது. கீமோவில் கட்டுக்குள் வந்தது, பத்து மாதத்தில் திரும்பிவிட்டது. எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். கொடுத்தது அவன் அக்கா, அவளுக்குப் பதினொரு வயது. மாற்றிய நான்காம் மாதம் மறுபடியும் ரத்தத்தில் புற்றுச் செல்கள். நடுவில் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வேறு.

போன வாரம் அண்ணனையும் அண்ணியையும் உட்காரவைத்துப் பேசினார்கள். இரண்டாவது மஜ்ஜை மாற்றம் செய்ய மாட்டோம், மூச்சு திணறினால் வென்டிலேட்டரில் போடுவதையும் நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம், வலி தணிப்புக் குழுவை ஒருமுறை பாருங்கள் என்றார்களாம். அண்ணன் பாதியில் எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தத் தலைமை மருத்துவர் வந்தால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "அவங்களுக்கு அலுத்துப் போச்சு" என்கிறார். அண்ணி எதுவுமே சொல்வதில்லை. இருவரும் தனித்தனியாக என்னைக் கூப்பிட்டு, "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்கிறார்கள்.

பெற்றவர்கள் வேண்டும் என்று சொல்லும்போது மருத்துவர் முடியாது என்று சொல்லலாமா? வேறு இடம் பார்ப்பது தவறா?

#2 உரத்தசிந்தனை

தவறே இல்லை. பெற்றவர்களுக்கு இல்லாத உரிமை யாருக்கு இருக்கிறது? 2014-இல் இங்கிலாந்தில் ஆஷ்யா கிங் என்ற ஐந்து வயதுப் பையனை, மூளைக்கட்டிக்கு அறுவை முடிந்த நிலையில், பெற்றோரே மருத்துவமனையிலிருந்து எடுத்துக்கொண்டு ஸ்பெயினுக்குப் போனார்கள். புரோட்டான் கதிர்வீச்சு வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. போலீஸ் பிடித்துச் சிறையில் போட்டது. கடைசியில் என்ன ஆயிற்று? நீதிமன்றமே பிராக் நகருக்குக் கொண்டுபோக அனுமதித்தது. சில வருடம் கழித்துப் பையனுக்குப் புற்றுநோய் இல்லை என்று பெற்றோர் அறிவித்தார்கள். மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால்?

உங்கள் அண்ணனை விட்டுவிடாதீர்கள், கிளிஞ்சல்.

#3 கருப்பங்கி

//மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால்?//

அந்த வழக்கைப் பற்றி இது பாதி உண்மைதான். அங்கே சிகிச்சையை நிறுத்தலாம் என்று யாருமே சொல்லவில்லை. எந்த வகைக் கதிர்வீச்சு என்பதில்தான் சண்டை. வழக்கமான கதிர்வீச்சு கொடுத்திருந்தாலும் பையன் பிழைத்திருக்கலாம், யாருக்குத் தெரியும். கிளிஞ்சலின் அண்ணன் மகன் விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

இந்தச் சண்டையில் இரண்டு வகை உண்டு. மருத்துவர் செய்வோம் என்கிறார், பெற்றோர் வேண்டாம் என்கிறார்கள் என்பது ஒன்று. பெற்றோர் செய்யுங்கள் என்கிறார்கள், மருத்துவர் மாட்டேன் என்கிறார் என்பது இன்னொன்று. சட்டம் இரண்டையும் ஒரே தராசில் வைப்பதில்லை. முதல் வகையில், உயிர் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்தால் பெற்றோரை மீறி நீதிமன்றம் உத்தரவிடும். பெற்றோர் தங்கள் நம்பிக்கைக்காகத் தாங்கள் உயிரைக் கொடுக்கலாம், பிள்ளையின் உயிரைக் கொடுக்க முடியாது என்ற பொருளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944-லேயே எழுதிவிட்டது. அந்த வழக்கு மருத்துவம் பற்றியதே அல்ல, ஒரு சிறுமி தெருவில் மதப் பத்திரிகை விற்றது பற்றியது என்பது தனிக் கதை.

இரண்டாவது வகையில், தன் அறிவுக்குக் கெடுதல் என்று படும் சிகிச்சையைச் செய்யும்படி மருத்துவரைப் பொதுவாக யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வேறு மருத்துவரின் கருத்தைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதைத் தடுக்கும் மருத்துவமனையைத்தான் நான் சந்தேகிப்பேன்.

இங்கிலாந்து வழக்குகளை எல்லோரும் எடுத்துப் பேசக் காரணம், அங்கே இத்தகைய தீர்ப்புகள் முழுதாக வெளியாகின்றன. எல்லா நாட்டிலும் சட்டம் அதுவே என்று நினைத்துவிட வேண்டாம்.

#4 ஒருவழிப்பாதை

எல்லாம் படுக்கைக் கணக்கு சார். பிழைக்காது என்று தெரிந்த குழந்தை ஒரு படுக்கையை அடைத்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு எண்ணிக்கை கெட்டுவிடும்.

என் மகனுக்கு நான்கு வயதில் குடல் பிரச்சினை. இரவு முழுக்க "இவன் வழக்கம்போல இல்லை, ஏதோ சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பயப்படுகிற அப்பா என்று ஏதோ எழுதிவைத்தார்கள். விடிந்த பிறகுதான் அவசர அறுவை. பிழைத்துவிட்டான், ஆனால் குடலில் பாதி போயிற்று. இங்கிலாந்தில் மார்த்தா என்ற பதின்மூன்று வயதுப் பெண் 2021-இல் இறந்தாள். சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு, அப்புறம் ரத்தத்தில் தொற்று. பெற்றோர் கவலையைச் சொல்லியும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நேரத்தோடு மாற்றவில்லை. மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணையிலேயே சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் 2024-இல் 'மார்த்தா விதி' வந்தது. குடும்பத்தாரே வேறொரு குழுவை அழைத்து உடனே பார்க்கச் சொல்லலாம். அதற்கு ஒரு குழந்தை சாகவேண்டியிருந்தது.

#5 இரவுப்பணி

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் பதினான்கு வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். பெயர், இடம் கேட்காதீர்கள்.

முதலில் ஒருவழிப்பாதைக்கு. உங்கள் மகன் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி, அவர்கள் செய்தது தவறு. "வழக்கம்போல இல்லை" என்று அம்மாவோ அப்பாவோ சொன்னால் நான் மானிட்டரை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். தினமும் அந்தக் குழந்தையோடு இருப்பவர்களுக்குத் தெரிவது எங்களுக்குத் தெரியாது. ஆனால் "இன்று என் பிள்ளைக்கு என்ன ஆகிறது" என்பதில் பெற்றோர் கெட்டி என்றால், "இந்த மருந்து அடுத்த மாதம் என்ன செய்யும்" என்பதிலும் கெட்டி என்று ஆகிவிடாது. இரண்டும் வேறு அறிவு.

கிளிஞ்சல், உங்கள் அண்ணன் மகனுக்கு ஏன் முடியாது என்கிறார்கள் என்பதை நான் ஊகிக்கிறேன். தவறாகவும் இருக்கலாம். மஜ்ஜை மாற்றம் நன்றாக வேலை செய்வது நோய் அடங்கியிருக்கும்போது. ரத்தத்தில் நோய்ச் செல்கள் ஓடும்போது செய்தால் திரும்பி வருவதே அதிகம். அதுவும் முதல் மாற்றத்துக்குப் பிறகு நான்கே மாதத்தில் திரும்பிய நோய் மிக முரண்டானது. நுரையீரலில் பூஞ்சை இருக்கும் பிள்ளைக்கு மறுபடி எதிர்ப்புச் சக்தியைப் பூஜ்யமாக்கினால், புற்றுநோய்க்கு முன்னால் பூஞ்சையே முடித்துவிடும். ஐசியூவில், வாயில் குழாயோடு, பேச முடியாமல். அந்த மருத்துவர் கண்ணுக்கு முன்னால் அந்தப் படம்தான் இருக்கும். அண்ணன் கண்ணுக்கு முன்னால் இருப்பது சென்ற வருடம் சரியாகி வீட்டுக்கு வந்த பையன்.

2000-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம், இனி குணமாக வாய்ப்பில்லை என்று எப்போது உணர்ந்தீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக இறப்புக்கு 106 நாள் முன்பு. மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தால், மருத்துவருக்கு அது தெரிந்தது 206 நாள் முன்பு. நூறு நாள். நான் பார்த்த சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த நூறு நாளுக்குள் நடந்தவைதான். ஒருவர் ஏற்கனவே அழுது முடித்திருப்பார், இன்னொருவருக்கு அன்றுதான் முதல் நாள். ஒரே மேஜையில் உட்காரவைத்தால் எப்படி ஒத்துப்போகும்?

இதில் தவறு பெரும்பாலும் எங்கள் பக்கம். நூறு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறோம். உங்கள் அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

#6 உரத்தசிந்தனை

ஊகம், ஊகம். 2012-இல் பிலடெல்பியாவில் ஒரு ஆறு வயதுச் சிறுமிக்கு இரண்டு முறை ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்தது. அவளுடைய டி-செல்களையே எடுத்து மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தினார்கள். அதுவரை எந்தக் குழந்தைக்கும் இந்த நோய்க்குச் செய்யாத சிகிச்சை. இன்றும் இருக்கிறாள், கல்லூரிக்குப் போகிறாள். "போதும்" என்பதை அவள் பெற்றோர் ஏற்றிருந்தால்? அந்தச் சிகிச்சைக்கு 2017-இல் அனுமதியே கொடுத்துவிட்டார்கள். இவனுக்கு ஏன் கேட்கக்கூடாது?

#7 இரவுப்பணி

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அது பி-செல் என்ற வேறு வகை வெள்ளணுவின் நோய்க்கு. அந்தச் செல்களின் மேல் இருக்கும் ஓர் அடையாளத்தைப் பிடித்துத் தாக்கும்படி செய்தது. இவனுக்கு டி-செல் வகை என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. டி-செல் வகைக்கும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன. அதில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். "எந்த ஆராய்ச்சியில், என்ன நிபந்தனை, எங்கள் பிள்ளை அதற்குள் வருகிறானா, வராவிட்டால் எதனால்" என்று நான்காகப் பிரித்துக் கேட்டால் பதில் வரும். "எதுவும் செய்ய முடியாதா?" என்று கேட்டால் முடியாது என்பதுதான் வரும்.

#8 இரண்டாம்பிறை

எங்கள் கதை தலைகீழ். அதனால் இங்கே எழுதலாமா என்று யோசித்தேன்.

என் மகளுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய், பி-செல் வகை. முதல் மாதம் முடிந்ததும் மஜ்ஜைப் பரிசோதனையில் நோய்ச் செல் எதுவும் தெரியவில்லை என்றார்கள். ஆனால் இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் கீமோ! ஸ்டீராய்டில் முகம் வீங்கி, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து எங்களைத் திட்டுவாள். ஒரு மருந்தினால் பாதம் மரத்துப்போய்ப் படியேற மாட்டாள். நோய் இல்லாத பிள்ளையை எதற்குக் கொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, மூன்றாம் மாதம் நாங்கள் போவதை நிறுத்திவிட்டோம். இயற்கை முறை என்று ஒருவர் நம்பிக்கை கொடுத்திருந்தார்.

ஒன்பது நாள். பத்தாம் நாள் அந்த மருத்துவர் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "இன்று அவள் படியேறினாளா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாளை வாருங்கள், அந்த மருந்தின் அளவைக் குறைப்பது பற்றிப் பேசுவோம், ஆனால் நிறுத்தினால் நோய் அநேகமாக நிச்சயம் திரும்பும், அப்போது இப்போது இருக்கும் வாய்ப்பு இருக்காது என்றார். 1960-களில் இந்த நோய் வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்று பிழைத்தாலே பெரிது, இப்போது வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பிழைக்கிறது, வித்தியாசம் அந்த இரண்டு வருடம்தான் என்றார். போனோம். இப்போது அவளுக்குப் பத்தொன்பது. படியை இரண்டிரண்டாக ஏறுகிறாள்.

அவர் வழக்குப் போட்டிருந்தால் வென்றிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் அந்த மாதிரி ஒருவரை நம்பி இன்னும் இரண்டு வருடம் என் பிள்ளையை எப்படி ஒப்படைத்திருப்பேன் என்று தெரியவில்லை.

#9 நெறியாளர்

மூலிகை மருந்து, தொலைபேசி எண்ணோடு இட்ட ஒரு பதிவு நீக்கப்பட்டது. இனி வந்தால் கணக்கே நீக்கப்படும்.

#10 கருப்பங்கி

இரண்டாம்பிறை சொன்ன கடைசி வரியை வழக்கறிஞர்களே ஒப்புக்கொள்வோம். நீதிமன்றம் வரை போன குடும்பங்களில், தீர்ப்பு எப்படி வந்தாலும், உண்மையில் ஜெயித்தவர்கள் குறைவு.

சார்லி கார்ட் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள், லண்டன், 2017. செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா நோய், அரிதிலும் அரிது. அமெரிக்காவில் ஒரு சோதனைச் சிகிச்சைக்காகப் பெற்றோர் பொதுமக்களிடம் 13 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். மூளை பாதிக்கப்பட்டுவிட்டது, பயனில்லை என்றது மருத்துவமனை. ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மேயில் மேல்முறையீடு, ஜூனில் உச்ச நீதிமன்றம், அப்புறம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். போப்பும் அமெரிக்க அதிபரும்கூடப் பேசினார்கள். ஜூலையில் அமெரிக்க நிபுணர் நேரில் வந்து பார்த்த பிறகு, காலம் கடந்துவிட்டது என்று பெற்றோரே மனுவைத் திரும்பப் பெற்றார்கள். குழந்தை ஜூலை 28-ஆம் தேதி இறந்தது. முதல் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது.

அந்தப் பெற்றோர் முட்டாள்கள் அல்ல, அந்த மருத்துவர்களும் கொடியவர்கள் அல்ல. நான்கு மாதம் வக்கீல்கள் வழியாகவே பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உரத்தசிந்தனை என்னை விடமாட்டார். 1996-இல் கல்லீரல் மாற்றினால் பிழைக்கக்கூடிய ஒரு குழந்தைக்கு அது வேண்டாம் என்று பெற்றோர் சொன்னார்கள். இருவருமே மருத்துவத் துறையில் இருந்தவர்கள். இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. 2019-இல், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு வென்டிலேட்டரில் இருந்த ஐந்து வயதுச் சிறுமி தஃபிதா ரகீபை இத்தாலிக்குக் கொண்டுபோக உயர் நீதிமன்றம் விட்டது. அவளுக்கு வலி தெரியவில்லை, ஏற்றுக்கொள்ளத் தயாராக நல்ல மருத்துவமனை ஒன்று இருக்கிறது என்பவை முக்கியக் காரணங்கள். ஆக, வலி இருக்கிறதா என்பது பெரிய கேள்வி.

#11 மௌனராகம்

ஆறு வருடத்துக்கு முன் என் மகன். கடைசி பதினேழு நாள் ஐசியூ. நாங்கள் கேட்டு வாங்கினோம். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

கிளிஞ்சல், மஜ்ஜை கொடுத்த அந்தப் பெண்ணிடம் யாராவது பேசினீர்களா?

#12 கிளிஞ்சல்

எல்லோருக்கும் நன்றி. மௌனராகம், உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் போனைக் கீழே வைத்திருந்தேன்.

நேற்று மாலை அவளிடம் பேசினேன். "என்னோடது கெட்ட மஜ்ஜையா சித்தப்பா?" என்றாள். நான்கு மாதமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் எல்லோரும் அதே வீட்டில்தான் இருக்கிறோம்.

#13 இரவுப்பணி

மருத்துவரையே அவளிடம் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் சமாதானம் என்று நினைப்பாள். அவள் மஜ்ஜை நன்றாகவே வேலை செய்தது, நோய்தான் அதைவிட முரட்டு நோய், இதை வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னால்தான் ஏறும்.

அப்புறம், பையனிடம்? எட்டு வயதுக்கு நிறையத் தெரியும். 1970-களில் மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளோடு மாதக்கணக்கில் வார்டில் இருந்து கவனித்தார். யாரும் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெற்றோர் தாங்கமாட்டார்கள் என்று அவர்களிடம் தெரியாததுபோல நடித்தார்கள்.

ஸ்வீடனில் 2004-இல் வெளியான ஆய்வு இன்னொன்று. புற்றுநோயில் பிள்ளையை இழந்த 429 பெற்றோர் பதில் சொன்னார்கள். மரணத்தைப் பற்றிப் பிள்ளையிடம் பேசியவர்கள் 147 பேர், அதில் ஒருவர்கூட வருந்தவில்லை. பேசாதவர்களில் 69 பேர், பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். இதைச் சொல்லிப் பேசியே தீரவேண்டும் என்று அண்ணனை நெருக்காதீர்கள். அவன் கேட்டால் பொய் சொல்லாதிருந்தால் போதும்.

#14 ஒருவழிப்பாதை

என் முந்தைய பதிவில் படுக்கைக் கணக்கு என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கோபம் என்னுடையது, வேறு வழக்குக்குரியது. இரண்டாவது கருத்துக்கு எழுத்து வடிவில் அறிக்கை, ஸ்கேன், பரிசோதனை முடிவு எல்லாம் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் எழுதிக் கேளுங்கள். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

#15 கிளிஞ்சல்

பன்னிரண்டு நாளாயிற்று. நிலவரம் சொல்கிறேன்.

வேறொரு மருத்துவமனையில் கருத்துக் கேட்டோம். அறிக்கைகளை அனுப்பிவைத்தவரே எங்கள் தலைமை மருத்துவர்தான். அண்ணனுக்கு அது ஆச்சரியம். அங்கேயும் இரண்டாவது மாற்றம் வேண்டாம் என்றார்கள். ஆராய்ச்சி ஒன்று இருக்கிறதாம், ஆனால் தொற்று அடங்காமல் சேர்க்க மாட்டார்கள். இங்கேயும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள், அண்ணன் எழுந்து வந்த அந்தக் கூட்டத்தில், அவர் எழுந்த பிறகு. அண்ணி கேட்டிருக்கிறார். இத்தனை நாள் சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் இறங்கி வந்தார்கள் என்றுதான் சொல்லவேண்டும். பூஞ்சை மருந்தும் ரத்தம் ஏற்றுவதும் தொடரும். நோயைக் கொஞ்சம் மட்டுப்படுத்த வாய்வழி மாத்திரை. ஊசி வழிக் கீமோ கிடையாது. தொற்று அடங்கினால் ஆராய்ச்சி பற்றி மறுபடி பேசலாம் என்று மருத்துவர் எழுதியே கொடுத்தார். அந்த வரியை அண்ணன் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார். வென்டிலேட்டர் பற்றி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவசரமில்லை, வாரா வாரம் பேசுவோம் என்றார்கள்.

இன்று காலை நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். "அப்பா வீட்டுக்குப் போலாம்னு சொன்னா நான் சரின்னு சொல்லட்டுமா, இல்ல சண்டை போடட்டுமா? எது சொன்னா அவர் அழமாட்டாரு?" என்று கேட்டான். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். வீடு என்றான். அண்ணனிடம் அதை அப்படியே சொன்னேன், ஒரு சொல் மாற்றாமல்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறான். மார்ஃபின் சிரப் கொடுத்தனுப்புகிறார்கள். அதைப் பார்த்தாலே அண்ணிக்குக் கை நடுங்குகிறது, கொடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று பயம். வீட்டில் வைத்துக் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

#16 மௌனராகம்

நாங்கள் வீட்டில் கொடுக்கவில்லை. ஐசியூவில்தான். இரவுப்பணி சொல்வார்.

#17 இரவுப்பணி

மருத்துவர் எழுதிய அளவில், எழுதிய இடைவெளியில் கொடுத்தால் அது மூச்சை நிறுத்தாது. வலி ஏறியபின் கொடுப்பதைவிட நேரம் பார்த்துக் கொடுப்பது நல்லது. அளவுக்கு ஸ்பூன் வேண்டாம், கூடவே தரும் சிரிஞ்சையே பயன்படுத்துங்கள். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி எழுதித் தந்திருக்கிறார்களா பாருங்கள். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் கேட்டு வாங்குங்கள், மார்ஃபினில் மலச்சிக்கல் தானாகச் சரியாகாது. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் அதிகம் வரும், பயப்படவேண்டாம். எழுப்பினால் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை என்றாலோ மூச்சு மிக மெதுவானாலோ உடனே கூப்பிடுங்கள்.

ஒரு நோட்டில் நேரமும் அளவும் எழுதி வையுங்கள், இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கொடுக்காமலிருக்க. இரவில் யாரைக் கூப்பிடவேண்டும் என்று ஒரு எண் வாங்கி அதே நோட்டின் அட்டையில் எழுதுங்கள்.

முதல் வேளையை அண்ணியைக் கொடுக்கச் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வரும் செவிலி கொடுக்கட்டும், அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

#18 கிளிஞ்சல்

மலமிளக்கி எழுதவில்லை. இப்போதே போன் செய்கிறேன்.